பீரின் பெயரில் ஓர் இந்தியா

சங்கத்து மலரில் பீரைப் பற்றிக் கட்டுரையா என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். குடிக்கச் சொல்லி எழுதப்படுவதல்ல இது. குடிப்பதும் குடிக்காமலிருப்பதும் அவரவர் வீட்டுச் சமாச்சாரம். ஆனால் பெங்களூரிலும் புனேயிலும் குர்காவிலும் வேலை பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் நண்பர்களோடு போய் உட்காரும் இடங்களில், பட்டியல் அட்டையில் 'ஐ.பி.ஏ.' என்று மூன்று எழுத்து தவறாமல் இருக்கிறது. விரித்தால் 'இந்தியா பேல் ஏல்'. அமெரிக்காவில் சிறு ஆலைகள் காய்ச்சும் பீர்களில் அதிகம் விற்கிற வகையும் இதுதான். உலகம் முழுக்க நம் நாட்டின் பெயரைச் சுமந்து திரிகிற ஒரு பண்டம். அந்தப் பெயர் அதற்கு எப்படி வந்தது என்று தெரிந்துகொள்வதில் தப்பில்லை.

கேட்டால் ஒரு கதை சொல்வார்கள். புட்டியின் பின்பக்கத்திலேகூட அச்சடித்திருப்பார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறிய பீர் எல்லாம் வழியிலேயே புளித்துக் கெட்டதாம். இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தாகத்தால் தவித்தார்களாம். லண்டனில் ஜார்ஜ் ஹாட்ஜ்சன் என்பவர் மூளையைக் கசக்கி, ஆல்கஹாலைக் கூட்டி, ஹாப்ஸ் பூவை அள்ளிப் போட்டு, ஆறு மாதக் கடல் பயணத்தைத் தாங்குகிற புது பீரைக் கண்டுபிடித்தாராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஏறக்குறைய ஒவ்வொரு வாக்கியமும் தவறு. மார்ட்டின் கார்னெல் என்ற ஆங்கிலேய பீர் வரலாற்றாசிரியர் பழைய செய்தித்தாள் விளம்பரங்களையும் ஆலைக் கணக்குகளையும் தோண்டித் துருவி இந்தக் கதையைப் பிரித்துப் போட்டுவிட்டார். அவர் வழியில் போனால் கிடைக்கிற வரலாறு கட்டுக்கதையைவிடச் சுவையானது. நம் சென்னைக் கடற்கரையும் அதில் வருகிறது.

முதலில் இரண்டு விளக்கம். பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, சூடு காட்டி உலர்த்தினால் அது மால்ட். நம் வீட்டில் குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, வறுத்து அரைக்கிறோமே, அதே வேலைதான். விறகுத் தீயில் உலர்த்திய மால்ட் கறுத்து, புகை நாற்றம் ஏறிப்போகும். 17ஆம் நூற்றாண்டில் 'கோக்' எனப்படும் சுட்ட நிலக்கரி வந்த பிறகு, புகையில்லாமல் இளம் பொன்னிறத்தில் மால்ட் எடுக்க முடிந்தது. அதில் காய்ச்சியது 'பேல்' ஏல். பேல் என்றால் வெளிறிய நிறம். ஏல் என்பது மிதமான வெப்பத்தில் பொங்கிப் புளிக்கிற பீர். அவ்வளவுதான் பெயரின் பின்பாதி.

இன்னொன்று ஹாப்ஸ். குளிர்நாட்டில் விளைகிற ஒரு கொடியின் காய்ந்த பூ. கொதிக்கிற மால்ட் சாற்றில் நெடுநேரம் வேகவிட்டால், பூவிலுள்ள ஹியூமுலோன் முதலிய அமிலங்கள் உருமாறிக் கசப்பாகின்றன. அந்தக் கசப்பே பாக்டீரியாவுக்கு விஷம். பீரைப் புளிக்க வைக்கும் லாக்டோபாசிலஸ் வகையறா அதில் வளராது. கொதி அடங்கின பிறகு போட்டால் கசப்பு ஏறாது, வாசனை மட்டும் இறங்கும். ரசம் வைக்கிற எந்த அம்மாவுக்கும் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. புளித்தண்ணீரை நன்றாகக் கொதிக்க விடுவோம். நுரைத்து வந்ததும் இறக்கிவைத்துத்தான் கொத்தமல்லித் தழையைக் கிள்ளிப் போடுவோம். முன்னே போடுவதற்கு ஒரு பலன், பின்னே போடுவதற்கு வேறு பலன். பீப்பாயில் அடைக்கும்போது காய்ந்த ஹாப்ஸை ஒரு கைப்பிடி உள்ளே போட்டு மூடுவதும் உண்டு. ஐ.பி.ஏ.யின் முழு வரலாற்றையும் இந்த முன்னே, பின்னே விவகாரத்தை வைத்துச் சொல்லிவிடலாம்.

கோட்டையில் முதலில் குடித்தவர்கள்

ஹாட்ஜ்சனின் ஆலை லண்டனுக்குக் கிழக்கே, லீ ஆற்றங்கரையில் போ என்ற இடத்தில் 1752-இல் தொடங்கியது. ஆனால் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் முன்னதாகவே நம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் பேல் ஏல் புழங்கியிருக்கிறது. 1717 முதல் 1720 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் வீட்டு விருந்துக் கணக்கில் பர்ட்டன் ஏலும் பேல் ஏலும் டஜன் கணக்கில் வருகின்றன. 1784-இல் 'கல்கத்தா கெஜட்' பத்திரிகையில் பேல் ஏல் விளம்பரம் இருக்கிறது. ஹாட்ஜ்சனின் பெயர் அதே பத்திரிகையில் தலைகாட்டுவது 1793-இல்தான். ஆக, ஹாட்ஜ்சன் வந்துதான் பீர் இந்தியாவுக்குப் பத்திரமாக வந்தது என்பது சரியில்லை. இன்னும் சொல்லப்போனால், கறுப்பு நிறப் போர்ட்டர் பீரும் ஏராளமாக இதே கடல் வழியாக வந்து நன்றாகவே இருந்தது. சாதாரணச் சிப்பாய்க்குக் கம்பெனி வரவழைத்துக் கொடுத்தது அந்தப் போர்ட்டரைத்தான். அதுவும் இல்லாதபோது உள்ளூர்ச் சாராயம். பேல் ஏல் அதிகாரிகளுக்கும் வியாபாரிகளுக்கும் உரிய பானம். சிப்பாயின் தாகத்தைத் தீர்க்க ஐ.பி.ஏ. பிறந்தது என்பதில் உள்ள இரண்டாவது ஓட்டை இது.

அப்படியானால் ஹாட்ஜ்சனுக்கு ஏன் இத்தனை பேர்? இடவசதியும் கடன் வசதியும்தான். கம்பெனிக் கப்பல்கள் நின்ற பிளாக்வால் துறை அவர் ஆலையிலிருந்து சில மைல். அந்தக் கப்பல்களின் கேப்டன்களுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் வியாபாரம் செய்துகொள்ளக் கம்பெனி அனுமதி உண்டு. சீமையிலிருந்து பன்றிக்கறி, பாலாடைக்கட்டி, தொப்பி, கண்ணாடிச் சாமான், பீர் என்று எடுத்துவந்து இங்கே விற்பார்கள். ஹாட்ஜ்சன் அவர்களுக்குப் பன்னிரண்டு, பதினெட்டு மாதத் தவணையில் பீர் கொடுத்தார். போய் விற்று, திரும்பி வந்து காசு கொடுத்தால் போதும். தரையில் எந்தக் கடைக்காரர் இப்படிக் கடன் கொடுப்பார்? இன்னொரு விஷயம். இங்கிலாந்திடம் அப்போது இந்தியாவுக்கு விற்கப் பெரிதாகச் சரக்கு கிடையாது. நம் துணியும் மிளகும் வெடியுப்பும் ஏற்றிக்கொண்டு போகத்தான் கப்பல் வந்தது. வரும்போது அடித்தளம் காலியாகக் கிடக்கும். அதனால் கூலி மலிவு. கனமான பீப்பாய் கட்டுப்படியானதன் ரகசியம் இதில் இருக்கிறது. வாணிகம் நம் பக்கம் சாய்ந்திருந்ததன் அடையாளமாகவே இந்த பீர் வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஹாட்ஜ்சன் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவும் இல்லை. இங்கிலாந்தின் கிராமத்துப் பிரபுக்கள் வீட்டில் 'அக்டோபர் பீர்' என்று ஒன்று உண்டு. புது மால்ட், புது ஹாப்ஸ் வந்த கையோடு அக்டோபரில் நிறைய ஹாப்ஸ் போட்டுக் காய்ச்சி, நிலவறையில் ஓரிரு வருஷம் ஊறவைப்பார்கள். ஆவக்காயை ஜாடியில் போட்டு வைப்பது மாதிரி. ஹாட்ஜ்சன் அனுப்பியது அந்த ஜாதி பீர்தான். கப்பல் லண்டனை விட்டு, அட்லாண்டிக்கில் பூமத்திய ரேகையைத் தாண்டி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, இந்துமாக்கடலில் மறுபடி ரேகையைத் தாண்டி, நாலு முதல் ஆறு மாதத்தில் மெட்ராஸ் வரும். அந்தச் சூட்டிலும் ஆட்டத்திலும் பீப்பாய்க்குள் பீர் சீக்கிரம் பழுத்துவிட்டது. நிலவறையில் இரண்டு வருஷம் ஆகிற வேலை கடலில் சில மாதத்தில் முடிந்தது. மிச்சமிருந்த சர்க்கரையை மரப் பீப்பாயில் ஒட்டிக் கிடந்த காட்டு ஈஸ்ட் மெல்ல மெல்லத் தின்று தீர்த்திருக்கும். இவ்வகை ஈஸ்ட்டை 1904-இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் கிளாசன் என்பவர் பிரித்தறிந்து 'பிரெட்டனோமைசிஸ்' என்று பெயர் வைத்தார். பிரிட்டிஷ் பூஞ்சை என்று பொருள். ஆக, பயணம் பீரைக் கெடுக்கவில்லை, பக்குவப்படுத்தியது. காலையில் இறக்கிய கள் மாலைக்குள் புளித்துவிடும் ஊர்க்காரர்களுக்கு இது நம்ப முடியாததாகத்தான் இருந்திருக்கும். கள்ளில் ஹாப்ஸும் இல்லை, கொதிக்க வைப்பதும் இல்லை.

'சரி, வலுவான பீர்தானே?' என்று கேட்கலாம். அன்றைய கணக்கில் இல்லை. ஏற்றுமதி பேல் ஏலில் ஆல்கஹால் ஆறு, ஆறரை சதவீதம். அதைவிட வலுவான பீர்கள் அப்போது இங்கிலாந்தில் சாதாரணம்.

மசூலாப் படகும் ஐஸ் ஹவுஸும்

புத்தகங்களில் இந்தக் கதை கப்பல் இந்தியா வந்ததோடு முடிந்துவிடும். நமக்கு அங்கேதான் தொடங்குகிறது. மெட்ராஸுக்குத் துறைமுகம் கிடையாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில்தான் கட்டத் தொடங்கினார்கள். அதுவரை கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். இடையில் மூன்று வரிசையாய்ப் புரளுகிற அலை. கப்பலின் சொந்தப் படகுகள் அந்த அலையில் சிக்கினால் பலகை பிளந்துவிடும். அதைக் கடக்கத் தெரிந்தது மசூலாப் படகு ஒன்றுக்குத்தான். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்துச் செய்த படகு. அலை அறைந்தால் உடையாது, வளைந்து கொடுக்கும். கவர்னரும் அதில்தான் இறங்கினார், அவர் சீமாட்டியும் அதில்தான், பீப்பாயும் அதில்தான். ஐம்பத்து நான்கு கேலன் பிடிக்கும் பெரிய பீப்பாயின் எடையை எண்ணிப் பாருங்கள்: திரவம் மட்டுமே இருநூற்று நாற்பது கிலோவுக்கு மேல். அதைக் கப்பலிலிருந்து படகுக்கு இறக்கி, அலையில் கவிழாமல் மணலுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் நம் கடற்கரை மீனவர்கள். ஐ.பி.ஏ. புட்டியின் பின்பக்கக் கதையில் ஹாட்ஜ்சன் உண்டு, சிப்பாய் உண்டு, இவர்கள் கிடையாது.

இறங்கிய பீரைப் புட்டியில் அடைத்து ஓய விடுவார்கள். பிறகு குளிர வைக்க வேண்டுமே? பனிக்கட்டி இல்லாத காலம். பெரிய துரைமார் வீடுகளில் 'ஆப்தார்' என்றே ஒரு வேலைக்காரர் இருப்பார். வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்தால் அது சூட்டை இழுத்துக்கொண்டு கரையும். தண்ணீர் சில்லென்று ஆகிவிடும். அந்தக் கரைசலில் புட்டியை வைத்துச் சுழற்றிக்கொண்டே இருப்பது அவர் வேலை. பீரங்கிக்கு மருந்தாகப் போகிற அதே பிகார் வெடியுப்புதான் பீருக்கும் குளிர் தந்தது.

1833-இல் பாஸ்டன் வியாபாரி பிரெடரிக் டூடர் அமெரிக்கக் குளங்களில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் புதைத்துக் கல்கத்தாவுக்குக் கப்பலில் அனுப்பினார். மெட்ராஸில் அவருடைய பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டிய கட்டடம் மெரினாவில் இன்றும் நிற்கிறது. 1897-இல் விவேகானந்தர் வந்து தங்கிய வீடு. இப்போது விவேகானந்தர் இல்லம். பஸ் கண்டக்டர்களுக்கு மட்டும் இன்னும் அது 'ஐஸ் ஹவுஸ்'தான். ஆன்மிக ஸ்தலமாகிவிட்ட அந்த வட்டக் கட்டடத்துக்குத் தொடக்கத்தில் வேறு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள் என்பதை, திருவல்லிக்கேணிக்காரர்கள் என்னிடம் கோபித்துக்கொள்ளாமல் இருந்தால், சொல்லிக்கொள்கிறேன்.

தேநீர்ச் சட்டியில் ஒரு சோதனை

1820 வாக்கில் ஹாட்ஜ்சன் குடும்பத்தின் அடுத்த தலைமுறைக்குப் பேராசை வந்தது. கேப்டன்களுக்குக் கடன் கிடையாது என்றார்கள், விலையை ஏற்றினார்கள், பிறகு தாங்களே கப்பலில் அனுப்பி இங்கே விற்க முற்பட்டார்கள். பதினெட்டு மாதக் கடனால் வளர்ந்த வியாபாரம் கடனை நிறுத்தியதும் எதிரிகளைச் சம்பாதித்தது. கம்பெனி இயக்குநர்களில் ஒருவரான கேம்ப்பெல் மார்ஜோரிபேங்க்ஸ் (எழுத்தில்தான் இப்படி, கூப்பிடுவது மார்ச்பேங்க்ஸ்) சாமுவேல் ஆல்சாப் என்பவரைச் சாப்பிட அழைத்து, 'நீங்கள் ஏன் இந்தியாவுக்கு பீர் அனுப்பக் கூடாது?' என்று கேட்டார். ஆல்சாப் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் டிரென்ட் நதிக்கரையிலுள்ள பர்ட்டன் ஊர்க்காரர். அவ்வூரார் கறுத்த, இனிப்பான, கனத்த ஏலை ரஷ்யாவுக்கு விற்றுப் பிழைத்தவர்கள். 1822-இல் ரஷ்யா சுங்கவரியைத் தூக்கிப் போட்டதும் அந்தச் சந்தை படுத்துவிட்டது. இந்தியா என்ற வார்த்தை ஆல்சாப்புக்குத் தேனாக இனித்திருக்கும்.

மார்ஜோரிபேங்க்ஸ் கொடுத்த ஹாட்ஜ்சன் பீர் மாதிரியை ஆல்சாப் தன் மால்ட் நிபுணர் ஜாப் குட்ஹெட்டிடம் காட்ட, அவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கசப்பு தாங்காமல் துப்பினாராம். ஆனாலும் இதேபோலச் செய்ய முடியும் என்று சொல்லி, ஒரு தேநீர்ச் சட்டியில் முதல் சோதனைக் காய்ச்சலைச் செய்து காட்டினாராம். தேநீர்ச் சட்டிக் கதை எவ்வளவு தூரம் உண்மையோ. பர்ட்டன் பீர் ஹாட்ஜ்சன் பீரை ஓரங்கட்டியது மட்டும் உண்மை. ஆல்சாப்புக்குப் பின்னாலேயே பாஸ் வந்தார், சால்ட் வந்தார்.

காரணம் தண்ணி. திருநெல்வேலி அல்வாவுக்குத் தாமிரபரணித் தண்ணிதான் காரணம் என்று நம்மவர் அடித்துச் சொல்வார்கள். அல்வா விஷயத்தில் அதை நிரூபிப்பது கஷ்டம். பர்ட்டன் விஷயத்தில் நிரூபித்தே விட்டார்கள். அந்த ஊர்க் கிணற்றுநீர் ஜிப்சம் படுகைகளின் வழியாக ஊறி வருகிறது. கால்சியம் சல்ஃபேட் நிறைந்த நீரில் வெளிறிய மால்ட்டின் சாறு தெளிவாக இறங்கும். ஹாப்ஸின் கசப்பு நாக்கில் ஒட்டிக்கொள்ளாமல் சுருக்கென்று வந்து போகும். லண்டன் நீரில் அதே பீர் கரடுமுரடாக இருந்தது. லண்டன் நீருக்குப் போர்ட்டர்தான் பொருத்தம். 1870-களில் வேதியியலார் இதைக் கண்டுபிடித்த பிறகு, உலகெங்கும் ஆலைகள் தங்கள் நீரில் ஜிப்சம் கரைக்கத் தொடங்கின. இதற்கு 'பர்ட்டனைஸ் செய்வது' என்றே பெயர். கடையில் வாங்கிய ஒரு பொடியால் பர்ட்டன் கிணற்றை எந்த ஊருக்கும் கொண்டுபோகலாம் என்று ஆனது. அந்த ஊரின் ஏகபோகம் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவு நடந்தும் 'இந்தியா பேல் ஏல்' என்ற பெயர் இன்னும் பிறக்கவில்லை. 'இந்தியச் சந்தைக்கெனத் தயாரித்த பேல் ஏல்' என்று நீட்டி முழக்கித்தான் விளம்பரம் செய்தார்கள். 'ஈஸ்ட் இந்தியா பேல் ஏல்' என்ற தொடர் அச்சில் கிடைக்கும் மிகப் பழைய இடம் இந்தியாவும் இல்லை, இங்கிலாந்தும் இல்லை: 1829-ஆம் ஆண்டின் ஆஸ்திரேலிய 'சிட்னி கெஜட்'. இங்கிலாந்தில் 1835-இல் லிவர்பூல் பத்திரிகையில் வருகிறது. அதாவது, இந்தியாவுக்கு அனுப்புகிற சரக்கு என்பதையே பெருமையாகச் சொல்லி மற்ற ஊர்களில் விற்றபோதுதான் பெயர் நிலைத்தது. 'எக்ஸ்போர்ட் குவாலிட்டி' என்று இன்று திருப்பூர் பனியனுக்கு ஒட்டுகிறார்களே, அந்த மாதிரி. மிளகுத்தண்ணி 'மல்லிகாடானி' ஆகி ஆங்கிலேயர் மேஜைக்குப் போனபோது அதில் நம் சமையலாவது கொஞ்சம் இருந்தது. ஐ.பி.ஏ.யில் இந்தியா என்பது விலாசம் மட்டும். பார்லி அவர்களுடையது, பூ அவர்களுடையது, நாக்கும் அவர்களுடையது.

பெயர் வந்த விதத்துக்கும் ஒரு கட்டுக்கதை உண்டு. 1827-இல் ஐரிஷ் கடலில் இந்தியா செல்லும் கப்பல் உடைந்து, மீட்ட பீப்பாய்களை லிவர்பூலில் ஏலம் போட, உள்ளூர்க்காரர்கள் ருசி கண்டுவிட்டார்கள் என்று 1869-இல் வெளியான பர்ட்டன் பற்றிய ஒரு புத்தகம் சொன்னது. 1827-இல் அப்படி நடந்ததற்குச் சான்று இல்லை. உண்மைக் காரணம் ரயில். 1839-இல் பர்ட்டனுக்கு ரயில் வந்தது. கனமான பீப்பாயை மலிவாக லண்டனுக்கும் லிவர்பூலுக்கும் அனுப்ப முடிந்தது. இந்தியாவில் பணி முடித்து ஊர் திரும்பிய அதிகாரிகள் பழகிய ருசியைத் தேடினார்கள். புதுப் பணக்கார நடுத்தர வர்க்கம் அவர்களைப் பின்பற்றியது. லண்டனில் செயின்ட் பாங்க்ராஸ் ரயில் நிலையம் 1868-இல் திறந்தபோது, அதன் கீழ்த்தளம் முழுக்க பர்ட்டன் பீப்பாய்க் கிடங்கு. தூண்களுக்கு இடையேயான தூரத்தையே பீப்பாயின் அளவை வைத்துத்தான் பொறியாளர் பார்லோ தீர்மானித்தார். இன்று பாரிஸ் ரயிலுக்கு நம்மவர்கள் பெட்டியோடு வரிசையில் நிற்கிற இடம் அது. பாஸின் சிவப்பு முக்கோணம் 1876-இல் பிரிட்டனின் முதல் பதிவு பெற்ற வணிகச் சின்னமானது. ஓவியர் மானே 1882-இல் வரைந்து முடித்த 'ஃபோலி பெர்ஜேர்' மதுக்கூட ஓவியத்தின் ஓரத்தில்கூட அந்த முக்கோணப் புட்டி நிற்கிறது.

இடையில் 1852-இல் ஒரு பீதி. ஆங்கிலேயரின் கசப்பு பீரில் ஹாப்ஸுக்குப் பதிலாக ஸ்டிரிக்னின் கலக்கிறார்கள் என்று பாரிஸில் பயேன் என்ற வேதியியலார் சொன்னதாகச் செய்தி பரவியது. ஸ்டிரிக்னின் வேறொன்றுமில்லை, நம் எட்டிக்கொட்டையின் விஷம். ஆல்சாப் அரண்டுபோய் கிரஹாம், ஹாஃப்மன் என்ற இரு பெரிய வேதியியலாரைக் கூப்பிட்டுச் சோதிக்கச் செய்தார். ஒன்றும் இல்லை என்று அறிக்கை வந்தது. அதையே பக்கம் பக்கமாக விளம்பரம் போட்டு விற்பனையைப் பெருக்கிக்கொண்டார்.

வாடிய காலம்

1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பயணம் சுருங்கியது. அதற்குள் மலைப்பிரதேசங்களிலேயே பீர் காய்ச்ச ஆரம்பித்துவிட்டார்கள். 1850-களில் சிம்லா பக்கம் கசௌலியில் ஆலை வைத்தவர் எட்வர்ட் டயர். 1919-இல் ஜாலியன்வாலா பாகில் சுடச் சொன்ன ரெஜினால்ட் டயர் இவருடைய மகன். தெற்கே நீலகிரியிலும் பெங்களூரிலும் ஆலைகள் எழுந்தன. அவற்றில் ஐந்தை 1915-இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இணைத்துத் தொடங்கியதுதான் யுனைடெட் புரூவரீஸ். செயற்கைப் பனிக்கட்டி வந்ததும் வெயில் நாட்டுக்கு ஏற்றதாக ஜெர்மானிய பாணி லாகர் இங்கே வேரூன்றியது. இந்தியா, இந்தியா பேல் ஏலை மறந்துபோயிற்று.

இங்கிலாந்தில் அது சாகவில்லை; சவலைப் பிள்ளையாகியது. 1880-இல் கிளாட்ஸ்டன் பீரின் வலுவுக்கேற்ப வரி போட்டார். முதல் உலகப் போரில் தானியத் தட்டுப்பாடு. பீரை நீர்க்கச் செய்ய அரசே கட்டளையிட்டது. போர் முடிந்த பிறகும் வரி இறங்கவில்லை. பெயர் அப்படியே இருக்க, மூன்றரை சதவீத ஆல்கஹால் உள்ள சாதுவான பீர் ஐ.பி.ஏ. என்று விற்றது.

பழைய முறுக்கோடு அது பிழைத்திருந்தது அமெரிக்காவில் ஒரே ஒரு பெரிய ஆலையில் என்றே சொல்லலாம். நியூஜெர்சியின் நியூவர்க் நகரில் பாலன்டைன் ஆலை மரத்தொட்டியில் ஒரு வருஷம் ஊறவைத்து ஐ.பி.ஏ. விற்றது. 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவிலக்கு இருந்ததையும் அந்த ஆலை தாண்டி வந்தது. (அங்கே மதுவிலக்கு முடிந்து நாலாவது வருஷம், 1937-இல், ராஜாஜி சேலத்தில் தொடங்கினார்.) 1972-இல் நியூவர்க் ஆலை மூடியது. அதே ஆண்டு, ஆரெகான் மாநிலத்தில் அரசாங்க விஞ்ஞானிகள் உருவாக்கிய 'கேஸ்கேட்' என்ற புது ஹாப்ஸ் வெளிவந்தது. எலுமிச்சை இனத்துப் பம்ப்ளிமாஸின் தோலைக் கிள்ளினாற்போல வாசனை. ஐரோப்பிய ஹாப்ஸில் இப்படிக் கிடையாது; பெரிய ஆலைகளுக்கு அது வேண்டாத வாசனை.

வேண்டியவர்கள் சின்னவர்கள். சான்பிரான்சிஸ்கோவில் மூடப்பட இருந்த ஆங்கர் ஆலையை 1965-இல் வாங்கிய பிரிட்ஸ் மேடாக், 1975-இல் கேஸ்கேட் பூவைக் கொதியிலும் பீப்பாயிலும் போட்டு 'லிபர்ட்டி ஏல்' செய்தார். 1978-இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வீட்டில் பீர் காய்ச்சுவதை அனுமதித்தது. அடுக்களையில் பழகிய இளைஞர்கள் ஆலை வைக்க வந்தார்கள். கலிபோர்னியாவில் கென் கிராஸ்மன் 1980-இல் சியரா நெவாடா பேல் ஏலைக் காய்ச்சினார். வாஷிங்டன் மாநிலத்தின் ஹாப்ஸ் பூமியான யாக்கிமாவில் பெர்ட் கிராண்ட் 1983-இல் துணிந்து 'இந்தியா பேல் ஏல்' என்றே பெயர் போட்டு விற்றார். 1994-இல் வின்னி சிலுர்சோ என்பவர், கைவசம் இருந்த பழைய சாமான்களில் ஏதாவது குறை வந்தால் தெரியாமலிருக்கட்டும் என்று, ஹாப்ஸை இரட்டிப்பாக்கி 'டபுள் ஐ.பி.ஏ.' செய்தார். சாம்பாரில் உப்புக் கூடினால் தண்ணீர் விடுவோம். அவர் காரத்தைக் கூட்டினார். அது எடுபட்டது. கசப்பை அளக்கும் அலகில் சாதாரண லாகர் பதினைந்து, இருபது என்றால், இவர்கள் எழுபது, நூறு என்று பந்தயம் விட்டார்கள்.

அந்தப் பந்தயம் அலுத்தபோது முள் மறுபக்கம் திரும்பியது. வெர்மான்ட் மாநிலத்தின் வாட்டர்பரி என்ற சிற்றூரில் ஜான் கிம்மிக் 2000-களின் தொடக்கத்தில் 'ஹெடி டாப்பர்' என்றொரு பீர் செய்தார். வடிகட்டவில்லை, கலங்கலாகவே கொடுத்தார். அவரைப் பார்த்து வந்தவர்கள் ஓட்ஸும் கோதுமையும் சேர்த்து, ஹாப்ஸை ஏறக்குறைய முழுவதும் கொதி அடங்கின பிறகே போட்டார்கள். கசப்பு குறைந்தது. மாம்பழம், ஆரஞ்சு, அன்னாசி என்று பழச்சாறு மாதிரி மணம். 'மங்கலான ஐ.பி.ஏ.' என்ற பொருளில் 'ஹேஸி' என்று இதைச் சொல்வார்கள். 2018-இல் அமெரிக்க ஆலைகளின் சங்கம் இதைத் தனி வகையாகப் பட்டியலில் சேர்த்தது. கறுப்பு ஐ.பி.ஏ.கூட உண்டு. வெளிறியதும் அதுவே, கறுத்ததும் அதுவே! ஐ.பி.ஏ. என்பது ஒரு செய்முறையின் பெயர் என்ற நிலை போய், ஹாப்ஸ் மணக்கும் எந்த பீருக்கும் குடும்பப் பெயராகிவிட்டது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை; இட்லியே ரவையிலும் சேமியாவிலும் வந்துவிட்டபோது இதற்கு மட்டும் என்ன கட்டுப்பாடு?

2009-இல் புனேயில் 'டூலாலி' தொடங்கி, பெங்களூரிலும் குர்காவிலும் சிறு ஆலைகள் பெருகிய பிறகு, ஐ.பி.ஏ. தன் விலாசத்துக்கு வந்து சேர்ந்தது. அதிகம் விற்பது கோதுமை பீர்தான் என்று ஆலைக்காரர்கள் சொல்கிறார்கள். முதல் வாய் ஐ.பி.ஏ. பருகுபவர் முகம் ஜாப் குட்ஹெட்டின் முகம் போலத்தான் ஆகிறதாம். பாகற்காயும் சுண்டைக்காயும் சாப்பிட்டு வளர்ந்த நம்மவர்கள் கொஞ்சம் சீக்கிரம் பழகிவிடுவார்கள் என்று நினைக்கிறேன்.

ஆனால் இப்போதைய மங்கல் வகையைக் கப்பலில் அனுப்ப முடியாது. அதன் பழமணம் காற்றுப் பட்டால் போச்சு. வெயில் பட்டாலும் போச்சு. ஓட்ஸும் ஹாப்ஸும் சேர்ந்த அந்தக் கலங்கல், ஆக்சிஜன் சேர்ந்தால் பழுப்பேறி, நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடிக்கும். குளிர்பெட்டியிலேயே வைத்துச் சில வாரங்களுக்குள் குடித்துவிட வேண்டும் என்பது ஆலைக்காரர்களின் அறிவுரை. ஆறு மாதம் கடலில் பழுத்து மசூலாப் படகில் இறங்கிய பீரின் வாரிசு, மெட்ராஸ் வெயிலில் ஒரு வாரம்கூட நிற்காது. அதனால் பெங்களூர் ஆலைகள் உலர்ந்த ஹாப்ஸை அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் சிறு குளிகைகளாக்கிக் காற்றுப் புகாத பையில் வரவழைத்து, இங்கேயே காய்ச்சி, பக்கத்து மேஜையிலேயே ஊற்றிக் கொடுக்கின்றன.